டொல்பின் வானுக்குப் பழைய பைபர் ஹைரூப்: எப்படிப் பலப்படுத்துவது?

உப்புவெளியான் (திருகோணமலை):

வணக்கம். என்னிடம் 90களில் வந்த டொல்பின் வான் (டொயோட்டா ஹையேஸ்) ஒன்று நிற்கிறது. தட்டைக் கூரை. குடும்பத்தோடு ஊர் சுற்றி, இரவில் உள்ளேயே படுத்து எழும்பக்கூடிய மாதிரி அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் நிமிர்ந்து நிற்க வழியில்லை. என் மனைவி என்னை விடக் கட்டை. அவவே குனிந்து நின்றுதான் தேத்தண்ணீர் போடுகிறா.

அனுராதபுரம் பக்கம் வாகனம் உடைக்கும் யார்ட் ஒன்றில், இதே மாடல் ஹைரூப் (உயர்ந்த கூரை) வானில் இருந்து கழற்றிய பைபர் (கண்ணாடி நார்) கூரை கிடைத்தது. லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் மல்லாத்தி வைத்திருக்கிறேன். நிலைமை இதுதான். வெளிப்பக்கம் கையால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, சில இடங்களில் நாரே தெரிகிறது. முன் கண்ணாடிக்கு மேலே வரும் நெற்றிப் பகுதியில் நட்சத்திரம் மாதிரி வெடிப்புகள். நடுவில் ஏதோ காற்றுப்போக்கிக்கு வெட்டிய சதுர ஓட்டை. அதை யாரோ அலுமினியத் தகடு, ரிவெட், சிலிக்கன் போட்டு மூடியிருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி பைபருக்குள் புதைத்த பிளைவூட் கறுத்துப் போய், நகத்தால் கிள்ளினாலே வருகிறது. பின் மூலை ஒன்றில் உள்ளங்கை அளவு துண்டைக் காணவில்லை. எல்லாவற்றையும் விட, நடுவில் கையை வைத்து அழுத்தினால் டபக் என்று உள்ளே போய்த் திரும்பி வருகிறது.

ஹாட்வெயார் கடைக்காரர், "மேலாலே இரண்டு மெட் (கண்ணாடி நார்ப் பாய்) போட்டு ரெசின் (இறுகும் பசைத் திரவம்) பூசி பெயின்ட் அடி, போதும்" என்கிறார். வெல்டிங் பாஸ், உள்ளே இரும்புச் சட்டம் அடித்து அதில் கூரையை ரிவெட் பண்ணச் சொல்கிறார். மேலே 100 வாட் சோலார் பெனல் இரண்டு வைக்கிற யோசனை உண்டு. ஆள் ஏறி நிற்கப்போவதில்லை. வாடைக்காற்றும் மழையும் தொடங்க முன் முடிக்க வேண்டும். யாராவது செய்தவர்கள் சொல்லுங்கள்.


மட்டுநகர் வாசி:

பைபர் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கூரையை ஏற்ற வானின் தகரக் கூரையை வெட்ட முன், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் அனுமதி எடுங்கள். கூரை உயர்ந்தால் வண்டியின் உருவமே மாறுகிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டியும் ரோட்டில் நிற்கிற வண்டியும் ஒன்றா என்பதைத்தான். பைபரைப் பழுது பார்ப்பதை இப்போதே தொடங்கலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெட்டுவதை மட்டும் கடிதம் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.


கிண்ணியா பைபர்:

வணக்கம் தம்பி. நான் வள்ளம் செய்கிறவன், வான் செய்கிறவன் இல்லை. ஆனால் பைபருக்கு அது தெரியாது, அதனால் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னதை விடுங்கள். தூள் பறக்கிற ஜெல்கோட்டுக்கு (பைபரின் மேல்பூச்சு) மேலே மெட் போட்டால், போட்ட அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் வெயிலும் ஒரு மழைக்காலமும் கண்டதும் வாழைத்தடல் மாதிரி நீளத்துக்கு உரிந்து வரும். பழைய பைபர் எப்போதோ இறுகி முடிந்த சாமான். புது ரெசின் அதனோடு கலந்து ஒன்றாகாது, கீறல்களுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். அந்தக் கீறலை நாம்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். கிரைண்டரில் 40ஆம் நம்பர் சாண்ட் பேப்பர் டிஸ்க் போட்டு, பளபளப்பு ஒரு இடத்திலும் மிஞ்சாமல் மங்கலாகும் வரை அரையுங்கள். சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகச் செய்த வள்ளங்கள் சிலது என்னிடம் பழுதுக்கு வந்தன. உள்ளே கையை விட்டு இழுத்தால் ஒரு படை முழுசாகக் கையோடு வந்தது. அரைக்காமல் போட்ட படை அது.

சிலிக்கன் இருந்த இடத்தில் நேரே கிரைண்டரை வைக்காதீர்கள். அது சிலிக்கனைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பூசிவிடும், பிறகு அங்கே ரெசினும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. முதலில் பிளேடால் சுரண்டி எடுங்கள். பிறகு அசிட்டோன் துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, துணியை மாற்றி மாற்றித் துடைத்து, அதற்குப் பிறகுதான் டிஸ்க்.

பிளைவூட் கறுத்துவிட்டது என்றீர்கள். அதைக் காய வைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், முழுசாகத் தோண்டி எறியுங்கள். எது வரை போயிருக்கிறது என்று தெரிய ஐந்து ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். படை விட்ட இடமும் ஊறிய இடமும் பொத்தென்று கேட்கும். பென்சிலால் அடையாளம் போடுங்கள்.

ஓட்டையை அடைக்கும் முறை: உள்பக்கத்தில் இருந்து, ஓட்டையின் விளிம்பைச் சரிவாக அரைக்க வேண்டும். பைபரின் தடிப்பைப் போல 12 மடங்கு சரிவு என்பது கணக்கு. உங்கள் கூரை 3 மில்லிமீற்றர் என்றால் சுற்றிவர 4 சென்ரிமீற்றர் வரும். வெளிப்பக்கத்தில் ஒரு போமைக்கா (மேசைக்கு ஒட்டும் வழுவழுப்பான தகடு) துண்டை மெழுகு பூசி இறுக்கி ஒட்டுங்கள். அதுதான் அச்சு. உள்ளே இருந்து மெட் துண்டுகளை அடுக்குங்கள். பெரிய துண்டை முதலில் போடுகிறவன் நான், சிறியதை முதலில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இறுகிய பிறகு போமைக்காவை எடுத்தால் வெளிப்பக்கம் வழுவழுப்பாக வந்திருக்கும். பின் மூலையில் காணாமல் போன துண்டுக்கும் இதே வேலைதான். மற்ற மூலை நல்லதாக இருந்தால் அதன் வளைவை மட்டையில் வெட்டி எடுத்து, திருப்பி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெற்றி வெடிப்பை வெளியே புட்டி போட்டு மூடினால் மறுபடி அதே இடத்தில் திறக்கும். வெடிப்பு வந்தது அந்த இடம் ஆடுகிறதால். உள்பக்கம் இரண்டு மெட் போட்டு ஆட்டத்தை நிறுத்துங்கள். பிறகு வெளியே வெடிப்பைச் சின்னதாகக் கீறி ஜெல்கோட் நிரப்பலாம்.

இப்போது அந்த "டபக்". இதற்கு எல்லோரும் தடிப்பைக் கூட்டத்தான் பார்ப்பார்கள். 450 கிராம் மெட் ஒரு படை போட்டால் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்பு வரும். உங்கள் கூரையின் உள்பக்கம் 5 சதுர மீற்றர் என்று வையுங்கள். மெட் 2 கிலோவுக்கு மேல், ரெசின் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு படைக்கு 7 கிலோ வண்டியின் தலையில் ஏறுகிறது. இரண்டு படை போட்டாலும் நடுப்பகுதி ஆடும், கொஞ்சம் குறைவாக ஆடும், அவ்வளவுதான். அதற்குப் பதில் குறுக்கே விலா எலும்பு போடுங்கள். 5 சென்ரிமீற்றர் அகலம், 4 உயரத்தில் போம் துண்டை வைத்து, அதன் மேல் இரண்டு மெட் மூடி, இரண்டு பக்கமும் 5 சென்ரிமீற்றர் கூரையில் படிய விட வேண்டும். ஒரு விலா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆறு விலாவும் சேர்ந்து ஒரு படை மெட்டின் எடைதான். ஆனால் பிறகு அழுத்திப் பாருங்கள், உங்கள் கைதான் வலிக்கும். விலாவுக்கு விலா ஒன்றரை அடி இருந்தால் காணும். சோலார் பெனலின் கால்கள் விலாவுக்கு மேலே வருகிற மாதிரி இடத்தை இப்போதே குறித்துவிடுங்கள்.

போம் என்றவுடன் ரிஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) வாங்கிவிடாதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கண் முன்னாலேயே கரைத்துவிடும். பழைய பிரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் மஞ்சள் போம் நல்லது. நானே பழைய மீன் ஐஸ் பெட்டிகளை உடைத்து எடுக்கிறேன். சந்தேகம் என்றால் ஒரு துண்டில் அசிட்டோன் ஒரு சொட்டு விடுங்கள், குழி விழுந்தால் குப்பைக்கு. மரத்தை உள்ளே வைக்க வேண்டாம். அந்தக் கறுத்த பிளைவூட்டை நீங்களே கிள்ளிப் பார்த்தீர்கள்தானே.

போம் கூரையோடு சேரும் மூலைகளை ரெசின் புட்டியால் உருட்டிவிடுங்கள். மெட் நேர் மூலையில் மடங்காது, அடியில் காற்று நிற்கும். விலாவின் இரண்டு நுனியும் வெட்டி நிறுத்தின மாதிரி முடியக்கூடாது, சரிந்து சரிந்து கூரையோடு கலக்க வேண்டும். வெட்டி நிறுத்தினால் சரியாக அந்த நுனியில் வெளிப்பக்கம் வெடிக்கும்.

இவ்வளவுக்கும் முன் ஒரு வேலை. முற்றத்தில் மல்லாத்தி வைத்த கூரை தன் பாரத்திலேயே அகன்று போயிருக்கும். அப்படியே விலா போட்டால் அந்தக் கோணல் ஆயுளுக்கும் நிற்கும், வானில் உட்காராது. முதலில் நாலு பேர் பிடித்து வானின் மேலே வைத்து, கட்டர் (வானின் கூரையோரத் தண்ணீர்ப் பீலி) விளிம்போடு பொருத்திப் பாருங்கள். முன், நடு, பின் அகலங்களை எழுதுங்கள். இறக்கிய பிறகு, குறுக்கே மரச்சட்டம் வைத்து, லொறிக்காரர் பாரம் கட்டும் பட்டியால் அந்த அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் விலா போட வேண்டும்.


உப்புவெளியான்:

மிக்க நன்றி நானா. நேற்று மச்சான்மாரைக் கூப்பிட்டு வானில் தூக்கி வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, நடுவில் மூன்று விரல் அகலம் கூடுதலாக நிற்கிறது. பட்டியால் இழுத்தால் வருகிறது.

இரண்டு சந்தேகம். கடையில் வாங்கிய ரெசின் நிறமே இல்லாமல் தேன் மாதிரி இருக்கிறது. என் நண்பன் வைத்திருக்கும் ரெசின் லேசான ரோஸ் நிறம். இது வேறா? மற்றது, ஒரு சின்னக் கோப்பையில் கலந்து பார்த்தேன், பூசி முடிக்க முன்னரே கோப்பை சூடாகி இறுகிவிட்டது. கச்சான் காற்று வேறு நெருப்பாக வீசுகிறது.


கிண்ணியா பைபர்:

ரோஸ் நிறம் என்றால் பெரும்பாலும் கோபால்ட் (இறுகுவதைத் தூண்டும் திரவம்) ஏற்கெனவே கலந்து வந்தது. உங்களுடையதைக் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். கலக்காததென்றால் கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்). கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் சேரவே கூடாது. வெடிக்கும். நான் இரண்டு போத்தலையும் ஒரே தட்டில் வைப்பதே இல்லை. ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி சுத்தத் தண்ணீர் வையுங்கள்.

சூடு விஷயம். இந்தக் காலத்தில் நம் பக்கத்துக்கு ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி ஹார்ட்னர் காணும், அதாவது ஒரு சதவீதம். அதை விடக் குறைத்தால் உள்ளே பச்சையாகவே நிற்கும். சீக்கிரம் இறுகுகிறதென்று ஹார்ட்னரை அளவில்லாமல் குறைப்பதை விட, அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குங்கள். கலந்ததைக் கோப்பையில் குவித்து வைக்காமல் உடனே பரப்புங்கள், குவிந்திருந்தால்தான் அது தன் சூட்டில் தானே வேகும். மிச்சம் வந்த கோப்பையை வானுக்குள்ளே விட்டுப் போகாதீர்கள், புகைகிற அளவுக்குச் சூடேறும். வெளியே மணலில் வையுங்கள்.

மேலே தறப்பாள் கட்டுங்கள். வெயில் பட்ட பைபரில் கை வைக்க முடியாது, ரெசின் எப்படி ஓடும்? காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, கச்சான் புழுதியைத் தூக்க முன் முடிப்பது என் வழக்கம். வேப்பமரத்தடி வேண்டாம், இலையும் பூவும் ரெசினுக்குள் வந்து விழும். வெள்ளைக் கூரையில் வேப்பிலை வடிவம் வேண்டுமென்றால் உங்கள் விருப்பம்.


குளிர்நாட்டான் (கனடா):

ஊர் விஷயம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன், நான் பிறந்தது உவர்மலை. இங்கே ஒரு ஈகோனோலைன் வானுக்குப் பைபர் கூரை மாற்றினேன். பைபரைப் பற்றி நானா சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது, இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

தகரக் கூரையை வெட்டினால் வண்டியின் பெட்டி தளரும். சறுக்குக் கதவு இறுகுவதில் அது முதலில் தெரியும். அதனால் சுற்றிவர 5 சென்ரிமீற்றராவது விளிம்பு விட்டு வெட்டுங்கள். குறுக்குச் சட்டங்களை வெட்ட முன்பே, தூண்களோடு பொக்ஸ் பாரில் வளையம் வெல்ட் பண்ணிவிடுங்கள். உங்கள் வெல்டிங் பாஸ் சொன்ன சட்டம் இங்கேதான் தேவை, கூரைக்கு இல்லை. கிரைண்டரை விட ஜிக்சோ நல்லது. கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், அது போகவே போகாது. வெட்டின விளிம்பை உடனே சிங்க் பிரைமரால் மூடுங்கள். உங்கள் கடல் காற்றில் ஒரு இரவு விட்டாலே சிவந்துவிடும்.

ஒட்டுவதற்கு சிலிக்கன் வேண்டாம், வாகனக் கண்ணாடி ஒட்டும் பொலியூரிதேன் பசை. அது காற்றின் ஈரத்தில்தான் இறுகும், திருகோணமலையில் அதற்குப் பஞ்சமில்லை. முக்கியம், கூரையை இறுக்கி அமுக்கிப் பசை முழுவதையும் வெளியே தள்ளிவிடாதீர்கள். இடையிடையே 3 மில்லிமீற்றர் ரப்பர் துண்டு வையுங்கள். பைபர் வெயிலில் இரும்பை விட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். 3 மீற்றர் நீளத்தில் நடுப்பகலுக்கும் விடியற்காலைக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். அந்த அசைவைப் பசைதான் தாங்க வேண்டும். ரிவெட் மட்டும் அடித்தால் ஓட்டைகள் மெல்ல நீளும்.

ஒரு கேள்வி நானாவுக்கு: இந்தப் பொலியெஸ்டர் ரெசினுக்குப் பதில் எபொக்சி ரெசின் போட்டால் பழைய பைபரில் இன்னும் நன்றாகப் பிடிக்காதா?


கிண்ணியா பைபர்:

பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் மெட்டில் நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, ஸ்டைரீனில் கரையத்தான் செய்திருக்கிறார்கள். எபொக்சியில் ஸ்டைரீன் இல்லை. மெட் நனையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், மூலையில் மடங்காது. எபொக்சிக்கு அதற்கேற்ற துணி வேண்டும், செலவும் பல மடங்கு. இன்னொன்று, எபொக்சி போட்ட இடத்துக்கு மேல் பிறகு பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. தம்பி நாளைக்கு ஒரு கொழுக்கி வைக்க நினைத்தாலும் எபொக்சியோடுதான் வாழ வேண்டும். பின் மூலைத் துண்டுக்கு மட்டும் போடுவதென்றால் போடலாம்.

விளிம்பு விஷயத்தில் கனடாத் தம்பி சொன்னது முழுச் சரி, அதில் ஒன்று சேர்க்கிறேன். வள்ளத்தைத் தண்ணீர் வெளியே இருந்து உள்ளே தள்ளுகிறது. கூரை அதற்கு நேர்மாறு. கந்தளாய் தாண்டி ஹபறணை ரோட்டில் 80இல் போகும்போது காற்று அதை மேலே இழுக்கும், சோலார் பெனலுக்கு அடியில் புகுந்தால் இன்னும் இழுக்கும். அதனால் நான் நடுவை விட விளிம்பைத்தான் பார்ப்பேன். கட்டரில் உட்காரும் விளிம்பு சுற்றிவர, மெட் ஒன்று, ரோவிங் (தடித்த நெய்த கண்ணாடி நார்த் துணி) ஒன்று, மறுபடி மெட் ஒன்று. பசையோடு சேர்த்து ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் போடுங்கள், அகலமான வொஷரோடு. நெற்றிப் பக்கம் நெருக்கமாக.


உப்புவெளியான்:

அரைக்கும் வேலை தொடங்கிவிட்டேன். உடம்பெல்லாம் ஊறல் தாங்க முடியவில்லை. மனைவி கொடியில் காயப்போட்ட உடுப்பிலும் தூள். வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

உள்பக்கம் கடைசியாக ஜெல்கோட் பூசினால் போதுமா, அல்லது பெயின்டா?


கிண்ணியா பைபர்:

பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மூக்குக்குத் துணி கட்டினால் போதாது, என்95 மாஸ்க்காவது வேண்டும். முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் டேப் சுற்றுங்கள். உடுப்புக் கொடி விஷயத்தில் என்னிடம் மருந்தில்லை. அரைக்கும் இடத்தை மாற்றுங்கள்.

உள்பக்கத்துக்கு வெறும் ஜெல்கோட் பூசினால் காற்றுப் படும் மேல்முகம் காயாது, எப்போதும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். மெழுகுக் கரைசல் கலந்து பூசினால் மெழுகு மேலே மிதந்து மூடும், நன்றாகக் காயும். ஆனால் மெழுகு கலந்த பிறகு அதன் மேல் எதுவும் ஒட்டாது, மறுபடி அரைக்க வேண்டும். எனவே விலா, விளிம்பு, போல்ட் தகடு எல்லாம் முடிந்த பிறகுதான் அது. வெளிப்பக்கம் நார் தெரியும் இடங்களில் டிஷ்யூ மெட் (மிக மெல்லிய மெட்) மட்டும் ஒரு படை, பிறகு 80, 180, 320 என்று சாண்ட் பேப்பர் இறங்கி, பிரைமர், வெள்ளை டூகே (இரண்டு பகுதி கலந்து அடிக்கும்) பெயின்ட். வெள்ளையைத் தவிர வேறு நிறம் யோசிக்க வேண்டாம், உள்ளே படுக்கப்போவது நீங்கள்.

காற்றுக் குமிழி எடுக்கும் அலுமினிய ரோலர் வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். கிண்ணியாப் பக்கம் வந்தால் என்னுடையதைத் தருகிறேன், ஐஸ் பெட்டிப் போமும் கொஞ்சம் கிடக்கிறது. ரோலரை ஒவ்வொரு முறையும் அசிட்டோனில் கழுவித்தான் வைக்க வேண்டும். ரெசின் காய்ந்து பல்லெல்லாம் அடைத்துக்கொண்டு வந்தால் திருப்பி எடுக்க மாட்டேன், புதுசுதான் வாங்கித் தர வேண்டும்.